இஸ்லாமிய வரலாற்றில் கதை கூறுவோரும் கற்றறிந்தோரும்

ஹிஜ்ரி முதல் மூன்று நூற்றாண்டுகளில் முஸ்லிம் நகரங்களில் வாழ்ந்த பொதுமக்களுக்கு மார்க்கத்தை எடுத்துரைத்தவர்கள் யார் என்னும் வினாவுக்கு, முஹத்திஸ்கள், புகஹாக்கள் ஆகியோரின் பெயர்களையே நாம் வழமையாக விடையாகக் கூறுகின்றோம். அது பிழையன்று, ஆயின் முழுமையானதும் அன்று. ஹதீஸ் மஜ்லிஸில் ஏடும் எழுதுகோலுமாக அமரும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டியதில்லை. சந்தையில் சுமை தூக்கியவனும், தறியில் அமர்ந்தவனும், எல்லைக் காவலில் நின்ற வீரனும், அறபு மொழியை அரைகுறையாகவே அறிந்த புதிய முஸ்லிமும் மார்க்கத்தைப் பெரும்பாலும் செவி வழியாகவே பெற்றனர். அவர்களது செவிக்கு அதனைக் கொண்டு சென்றோருள் முக்கியமானதொரு சாரார் இருந்தனர். வரலாற்று நூல்கள் அவர்களை ஒருமையில் 'காஸ்' என்றும் பன்மையில் 'குஸ்ஸாஸ்' என்றும் அழைக்கின்றன. கதை கூறுவோர் என்று அதனைத் தமிழில் கூறலாம்.

இந்தச் சாராரின் வரலாறு புகழும் பழியும் கலந்த வரலாறாகும். அவர்களது மன்றங்களில் ஸஹாபாக்கள் அமர்ந்து அழுதுள்ளனர்; அவர்களை மஸ்ஜிதிலிருந்து வெளியேற்றுமாறு கட்டளைகளும் பிறந்துள்ளன. உள்ளங்களை இணைக்கும் ஆற்றல் கதைக்கு உண்டு என்பதில் கற்றறிந்தோர் எவரும் ஐயம் கொள்ளவில்லை. அவ்வாற்றல் உண்மையோடு இணைந்து நிற்குமா என்பதே அவர்களை உறங்கவிடாத வினாவாக இருந்தது. அவ்விவாதத்தின் போக்கை இக்கட்டுரை நோக்குகின்றது.

சொல்லும் அதன் வேரும்

'கஸஸ்' என்னும் அறபுச் சொல்லின் மூலப்பொருள் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் செல்லல் என்பதாகும். அல்குர்ஆனே இப்பொருளில் இச்சொல்லை ஆண்டுள்ளது. குழந்தை மூஸா (அலை) அவர்களை ஆற்றில் விட்ட தாய், அக்குழந்தையின் தடத்தைத் தொடர்ந்து செல்லுமாறு அதன் சகோதரியிடம் கூறும் இடத்தில் (28:11) இவ்வேர்ச்சொல்லே வருகின்றது. மூஸா (அலை) அவர்களும் அவர்களது உதவியாளரும் மீனைத் தவறவிட்ட இடத்தைத் தேடித் தம் காலடித் தடங்களின் வழியே திரும்பி நடந்ததைக் கூறும் இடத்திலும் (18:64) அதுவே இடம்பெறுகின்றது. ஆகவே அறபு மொழியின் இயல்பில், கதை கூறுதல் என்பது இல்லாததைப் புனைவதன்று. நடந்து முடிந்ததன் தடத்தை விலகாது பின்தொடர்வதாகும். பிற்கால விவாதங்கள் அனைத்தையும் விளங்கிக்கொள்ள இந்த வேர்ப்பொருள் பெரிதும் துணைபுரிகின்றது.

அல்குர்ஆன் முன்னைய நபிமார்களின் வரலாறுகளைப் பரவலாக எடுத்துரைக்கின்றது. அதன் இருபத்தெட்டாம் அத்தியாயத்தின் பெயரே 'அல்கஸஸ்' என்பதாகும். யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை வரலாறுகளுள் மிக அழகியது என அது வருணிக்கின்றது (12:3). தூதர்களின் செய்திகள் நபி (ஸல்) அவர்களின் உள்ளத்தை உறுதிப்படுத்துவதற்காகக் கூறப்படுகின்றன என்று ஹூத் அத்தியாயமும் (11:120), மக்கள் சிந்திக்கும் பொருட்டு வரலாறுகளை எடுத்துரைக்குமாறு அல்அஃராப் அத்தியாயமும் (7:176) குறிப்பிடுகின்றன. உள்ளத்தின் உறுதி, சிந்தனையின் விழிப்பு என்னும் இரு நோக்கங்களை இவ்வசனங்கள் கதைக்கு வகுக்கின்றன. பொழுதுபோக்கு அவற்றுள் இடம்பெறவில்லை.

நபி (ஸல்) அவர்களும் கதைகள் கூறியே பல உண்மைகளை விளக்கினார்கள். குகையில் அடைபட்ட மூவரின் வரலாறு ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அம்மூவருள் ஒருவர் தொழில் கொடுத்தவர். கூலியைப் பெறாமல் சென்றுவிட்ட தொழிலாளியின் பங்கை அவர் பெருக்கி வளர்த்து, அவன் திரும்பி வந்தபோது முழுவதையும் ஒப்படைத்தார். நிலம் வாங்கியவர் அதில் புதையலாகக் கிடைத்த பொன்னை விற்றவரிடமே கொண்டு சென்றதும், அவரோ அதனை ஏற்க மறுத்ததுமான நிகழ்ச்சியும் நபிமொழியாகவே வந்துள்ளது. கூலி, வாணிபம், ஒப்பந்தம் ஆகிய அன்றாடத் தொழில் வாழ்வின் நெறிகள் இங்கே கட்டளையாக அமையாது கதையாக அமைந்துள்ளமை கவனத்திற்குரியது.

அபிசீனிய மன்னரின் அவையில்

அந்நியரோடு உறவை ஏற்படுத்துவதில் வரலாற்றுரையின் பங்கை விளக்க இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி போதுமானது. கி.பி. 615 அளவில் மக்காவிலிருந்து அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷியர் நஜ்ஜாஷி மன்னரிடம் தூது அனுப்பினர். அன்பளிப்புகளும் அரச தொடர்புகளும் குறைஷியர் பக்கம் இருந்தன. அகதிகளிடம் எதுவும் இருக்கவில்லை. அவர்கள் சார்பில் எழுந்த ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் கொள்கை விளக்கத்தோடு தம் உரையைத் தொடங்கவில்லை. தம் சமூகம் முன்பு எவ்வாறு வாழ்ந்தது, வலியோர் எளியோரை எவ்வாறு நசுக்கினர், தம்முள் ஒருவரே தூதராக வந்து எதனைக் கற்பித்தார், அதனை ஏற்றமைக்காகத் தாம் எத்துன்பத்துக்கு ஆளாயினர், வேறு நாடுகளை விடுத்து இம்மன்னரின் நாட்டை ஏன் நாடினர் என வரிசையாக எடுத்துரைத்தார்கள். பின்னர் மன்னர் கேட்டுக்கொண்டதன் பேரில் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதியை ஓதினார்கள். கிறிஸ்தவரான மன்னரும் அவரது அவையோரும் கண்ணீர் சிந்தினர் எனவும், தூதுவர்கள் வெறுங்கையோடு திரும்பினர் எனவும் ஸீறா நூல்கள் கூறுகின்றன.

இவ்வுரையில் இரு அம்சங்களை அவதானிக்கலாம். ஜஃபர் (ரழி) அவர்கள் கூறியவை அனைத்தும் நடந்தவை. தம் சமூகத்தின் பழைய இழிநிலையைக்கூட அவர்கள் மறைக்கவில்லை. அதேவேளை, கேட்போர் அறிந்து மதித்த மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றைத் தேர்ந்து ஓதினார்கள். உண்மையைக் குறைக்காமலே கேட்பவனின் உள்ளத்தை அணுகும் வழி இதுவாகும்.

மஸ்ஜிதில் தோன்றிய மன்றம்

நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் கதை கூறல் ஒரு தனிப் பணியாக உருவெடுத்தது. பலஸ்தீனப் பகுதியைச் சேர்ந்தவரும் கிறிஸ்தவராக இருந்து இஸ்லாத்தைத் தழுவியவருமான தமீமுத் தாரீ (ரழி) அவர்கள், மக்களுக்கு வரலாறுகளை எடுத்துரைக்கக் கலீபா உமர் (ரழி) அவர்களிடம் அனுமதி கோரினார்கள். உமர் (ரழி) முதலில் மறுத்து, பின்னர் ஜும்ஆவுக்கு முன்னர் வாரத்தில் ஒரு நாள் உரையாற்ற இசைந்தார்கள் என்றும், உஸ்மான் (ரழி) அவர்கள் காலத்தில் அது இரு நாட்களாயிற்று என்றும் அறிவிப்புகள் உள்ளன. மக்காவில் உபைத் இப்னு உமைர் இப்பணியைச் செய்தார். அவரது மன்றத்தில் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்கள் அமர்ந்து அழுததாகவும், உபதேசத்தைச் சுருக்கிக்கொள்ளுமாறு ஆஇஷா (ரழி) அவர்கள் அவருக்கு அறிவுறுத்தியதாகவும் பதிவுகள் காணப்படுகின்றன. மக்கள் சலிப்படைவர் என்னும் அச்சத்தால் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் வியாழக்கிழமைகளில் மட்டுமே உபதேசம் செய்தார்கள் எனவும், நபி (ஸல்) அவர்களும் தம் தோழர்களிடம் அவ்வாறே நடந்துகொண்டார்கள் என அவர்கள் காரணம் கூறினார்கள் எனவும் ஸஹீஹுல் புகாரி தெரிவிக்கின்றது. கேட்பவனின் நேரத்தையும் நிலையையும் மதிப்பது இப்பணியின் முதல் ஒழுக்கமாக இருந்தமை இதனால் புலனாகின்றது.

பெண்களும் இப்பணியில் ஈடுபட்டனர். இமாம் ஹஸனுல் பஸரியின் தாயாரான கைரா அவர்கள் பெண்களுக்கு இவ்வாறு உபதேசம் செய்யக் கண்டதாக ஓர் அறிவிப்பை இப்னு ஸஅத் தமது 'தபகாத்' நூலில் பதிவு செய்துள்ளார். அவர் உம்மு ஸலமா (ரழி) அவர்களின் இல்லத்துப் பணிப்பெண்ணாக இருந்தவர். அவரது மகன் (கி.பி. 642-728) பஸராவின் மிகப் பெரும் உபதேசியாகத் திகழ்ந்ததில் இந்தத் தாயின் மடிக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

போர்க்களமும் நீதிமன்றமும்

இப்பணி மஸ்ஜிதுக்குள் மட்டும் அடங்கியிருக்கவில்லை. யர்மூக் போரின்போது முஸ்லிம் படையில் பொறுப்புகள் பங்கிடப்பட்ட முறையை அத்தபரி குறிப்பிடுகின்றார். அபுத் தர்தா (ரழி) படையின் காழியாக இருந்தார்கள். மிக்தாத் (ரழி) அல்அன்பால் அத்தியாயத்தை ஓதும் காரியாக இருந்தார்கள். அபூ ஸுப்யான் (ரழி) காஸாக இருந்து அணி அணியாகச் சென்று வீரர்களுக்கு உரையாற்றினார்கள். நீதி வழங்குதல், திருமறை ஓதுதல் ஆகிய பணிகளோடு ஒரே வரிசையில் கதை கூறலும் ஒரு பொறுப்பாகக் கருதப்பட்டமைக்கு இச்செய்தி சான்றாகும். பல கோத்திரங்களிலிருந்து வந்து ஒரே அணியில் நின்றோருக்குத் தாம் ஒரு சமூகம் என்னும் உணர்வை ஊட்ட அத்தகைய ஒருவர் தேவைப்பட்டார்.

எகிப்தில் இப்பணி நீதித்துறையோடு இணைந்தது. ஹிஜ்ரி 39ல் அங்கு காஸாகப் பணியாற்றத் தொடங்கிய ஸுலைம் இப்னு இத்ர் என்பார், அடுத்த ஆண்டில் காழிப் பதவியையும் ஏற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். இவரைப் பற்றி அல்கிந்தி தரும் ஒரு செய்தி சுவையானது. வாரிசுரிமை வழக்கொன்றில் அவர் தீர்ப்பளித்தார். வழக்காளிகள் வெளியே சென்று, தீர்ப்பு என்னவென்பதிலேயே முரண்பட்டு, மீண்டும் அவரிடம் வந்தனர். அவர் மறுபடியும் தீர்ப்பளித்து, அதனை எழுத்தில் பதிவு செய்து, சாட்சிகளையும் இடச் செய்தார். எகிப்தில் தீர்ப்பை ஏட்டில் பதிந்த முதற் காழி அவரே என்பர். நாவினால் மக்களை ஈர்த்த ஒருவரே நாவின் சாட்சியத்துக்குள்ள எல்லையையும் உணர்ந்திருந்தார் என்பது எண்ணத்தக்கது. அவருக்கு எதிர்ப்பும் இல்லாமலில்லை. அவர் நின்றவாறு கதை கூறுவதை ஸிலா இப்னுல் ஹாரிஸ் என்னும் நபித்தோழர் கண்டித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் காணப்படாத ஒரு வழக்கம் இது என்பதே அவர்களது ஆட்சேபம்.

இரு மொழி பேசிய மன்றம்

கதை கூறுவோரின் பணி அதன் உச்சத்தைத் தொட்ட நகரம் பஸராவாகும். அறபுக் கோத்திரத்தாரும் பாரசீகரும் அருகருகே வாழ்ந்த துறைமுக நகரம் அது. ஒரே மஸ்ஜிதில் தொழுதாலும், மொழியாலும் குலப்பெருமையாலும் அவர்கள் பிரிந்திருந்தனர். அந்நகரத்தவரான அல்ஜாஹிழ் (மறைவு கி.பி. 868/869) தமது 'அல்பயான் வத்தப்யீன்' நூலில் மூஸா இப்னு ஸய்யார் அல்உஸ்வாரி என்பாரைப் பற்றி எழுதுகையில் அவரை உலக அற்புதங்களுள் ஒருவராகக் கணிக்கின்றார். மூஸாவின் மன்றத்தில் அறபிகள் வலப்புறமும் பாரசீகர் இடப்புறமும் அமர்வர். அவர் அல்குர்ஆனிலிருந்து ஒரு வசனத்தை ஓதி அறபிகளுக்கு அறபியில் விளக்குவார். பின்னர் முகத்தை மறுபுறம் திருப்பி அதனையே பாரசீகருக்குப் பாரசீகத்தில் விளக்குவார். எம்மொழியில் அவர் அதிக நாவன்மை உடையவர் என்பதை எவராலும் கூற முடியவில்லையாம். பொதுவாக இரு மொழிகள் ஒரு நாவில் சந்திக்கும்போது ஒன்று மற்றொன்றுக்குத் தீங்கு செய்யும். இவரோ அதற்கு விதிவிலக்கு என்பது அல்ஜாஹிழின் கருத்து.

இக்காட்சியின் சமூக முக்கியத்துவம் பெரிது. உமையா ஆட்சியின் போதும் அதன் பின்னரும் அறபியர், மவாலிகள் என்னும் வேறுபாடு அரசியலையும் வாழ்வையும் புண்படுத்திக்கொண்டிருந்தது. அந்நிலையில் ஒரே வசனத்தை ஒரே மன்றத்தில், ஒருவருக்கு முதலும் மற்றவருக்கு அடுத்துமாக, சமமான நயத்தோடு கேட்டவர்கள் எழுந்து செல்லும்போது தம்மிடையே பொதுவான ஒன்றைப் பெற்றுச் சென்றனர். மொழிபெயர்ப்பாளன் ஒருவன் அருகில் நின்று பெயர்த்திருந்தால் இடப்புறம் இருந்தோர் விருந்தினராகவே இருந்திருப்பர். உரையாற்றுபவரே தம் முகத்தைத் திருப்பியதனால் அவர்களும் அவ்வீட்டாராயினர்.

அதே நகரில் அம்ர் இப்னு பாயித் அல்உஸ்வாரி முப்பத்தாறு ஆண்டுகள் ஒரே மஸ்ஜிதில் இப்பணியைச் செய்தார். அல்பகரா அத்தியாயத்தில் தொடங்கிய அவர் அல்குர்ஆன் முழுவதையும் விளக்கி முடிக்கும் முன்னரே மரணமடைந்தார். ஒரு வசனத்துக்கே பல வாரங்கள் செல்லும் அளவுக்கு வரலாறுகளும் விளக்கங்களும் அவரிடம் நிறைந்திருந்தன என்று அல்ஜாஹிழ் கூறுகின்றார்.

பொய் நுழைந்த வாயில்

எனினும் இதே காலப்பகுதியிலேயே நோயின் அறிகுறிகளும் தென்படலாயின. கூட்டம் பெருகப் பெருக, கூட்டத்தை வைத்திருக்க வேண்டும் என்னும் ஆசையும் பெருகியது. சிலருக்கு இது வருவாய்க்கான தொழிலாயிற்று. உண்மை வரலாறு தீர்ந்த இடத்தில் கற்பனை தொடங்கியது. அதற்கு மதிப்பூட்ட நபி (ஸல்) அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. முன்னைய வேதத்தாரின் செய்திகளை எடுத்துரைப்பதில் குற்றமில்லை என்னும் நபிமொழியைச் சிலர் தமக்கு ஆதாரமாகக் கொண்டனர். அதே நபிமொழியின் இறுதிப் பகுதி, தம்மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவன் நரகத்தில் தன் இடத்தை ஒதுக்கிக்கொள்கின்றான் என எச்சரிப்பதை அவர்கள் மறந்தனர். அனுமதியும் எச்சரிக்கையும் ஒரே வாக்கில் வந்துள்ளமை தற்செயலானதன்று.

எச்சரிக்கைக் குரல்கள் தொடக்கத்திலேயே எழுந்தன. கதை கூறிக்கொண்டிருந்த ஒருவரிடம், மாற்றிய சட்டத்தையும் மாற்றப்பட்ட சட்டத்தையும் பிரித்தறிவீரா என அலீ (ரழி) அவர்கள் வினவி, அவர் இல்லை என்றதும், நீர் அழிந்ததோடு பிறரையும் அழித்துவிட்டீர் எனக் கடிந்ததாக அறிவிக்கப்படுகின்றது. அரசும் தலையிட்டது. ஹிஜ்ரி 279ல் (கி.பி. 892) பக்தாதில், கதை கூறுவோரும் சோதிடரும் குறிகூறுவோரும் வீதிகளிலோ ஜும்ஆப் பள்ளியிலோ அமரலாகாது எனப் பிரகடனம் செய்யப்பட்டதை அத்தபரி பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரி 284ல் கலீபா அல்முஃததித் ஆட்சியில் இத்தகைய தடை மீண்டும் விதிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் தடையைப் புதுப்பிக்க நேர்ந்தமையே முதல் தடை பயனளிக்கவில்லை என்பதைக் காட்டுகின்றது. மக்களுக்கு இருந்த தாகத்தைப் பிரகடனத்தால் தணிக்க இயலவில்லை.

ஹதீஸ் துறையினரிடையே பெரிதும் வழங்கும் ஒரு கதை உண்டு. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மஈனும் பக்தாதின் ருஸாபா மஸ்ஜிதில் தொழுதனர். அங்கே ஒருவன், இவ்விருவரும் தனக்கு அறிவித்ததாகக் கூறி, நீண்டதொரு பொய் ஹதீஸை மக்களிடம் உரைத்துக்கொண்டிருந்தான். யஹ்யா அவனை அழைத்து, தாமே யஹ்யா, இவரே அஹ்மத், நாங்கள் இதனை ஒருபோதும் அறிவிக்கவில்லை என்றார். அவனோ சற்றும் நாணாமல், யஹ்யா அறிவற்றவர் என்று கேள்விப்பட்டிருந்தேன், இன்று அதனை உறுதிப்படுத்திக்கொண்டேன். உலகில் உங்களைத் தவிர வேறு யஹ்யாவும் அஹ்மதும் இல்லையா, நான் பதினேழு அஹ்மத் இப்னு ஹன்பல்களிடம் ஹதீஸ் எழுதியுள்ளேன் என்றானாம்.

இக்கதையைக் கேட்டு நகைக்காதவர் இலர். ஆனால் ஹதீஸ் விமர்சகரான அத்தஹபி (மறைவு கி.பி. 1348) இதனை ஏற்கவில்லை. இதன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த அவர், அதில் உள்ள ஒருவர் யாரென்றே அறியப்படாதவர் எனவும், இது அவரே புனைந்த கதையாக இருக்கலாம் எனவும் ஐயுற்றார். பொய்க் கதையைக் கண்டிக்கும் கதையே பொய்யாக இருக்கலாம். தம் தரப்புக்கு வலுவூட்டும் கதை என்பதற்காக அத்தஹபி அதனை விட்டுவைக்கவில்லை. எதிராளியின் கதையைச் சோதிக்கும் அதே அளவுகோலால் தமக்கு இனிய கதையையும் சோதித்த இந்த நேர்மையே ஹதீஸ் கலையின் உயிர்நாடி எனலாம்.

அஸ்ஸுயூதி (கி.பி. 1445-1505) காலத்திலும் இந்நிலை மாறவில்லை. கெய்ரோவில் ஒருவர் ஆதாரமற்ற ஹதீஸ்களைக் கூறி வந்ததை அவர் கண்டித்துத் தீர்ப்பளித்தபோது, அம்மனிதர் திருந்துவதற்குப் பதிலாகப் பொதுமக்களைத் தூண்டிவிட்டார். கூட்டம் ஸுயூதியைத் தூற்றியது, கல்லெறிவதாகவும் மிரட்டியது. கதை கூறுவோரின் பொய்களைப் பற்றி அறிஞர்களை எச்சரிக்கும் தமது நூலை அவர் எழுத இச்சம்பவமே காரணமாயிற்று. கதையால் இணைக்கப்பட்ட கூட்டம், அக்கதை பொய்யாகும்போது உண்மை கூறுபவனுக்கு எதிராகவே திரளும் என்பது இதன் கசப்பான பாடம்.

இப்னுல் ஜவ்ஸி கண்ட தீர்வு

இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஒரு தெளிவான வழியைக் காட்டியவர் பக்தாதின் ஹன்பலி அறிஞரான இப்னுல் ஜவ்ஸி (மறைவு ஹிஜ்ரி 597, கி.பி. 1201) ஆவார். இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் திரட்டி 'கிதாபுல் மவ்ளூஆத்' எழுதியவரும் அவரே. கதை கூறுவோரைப் பற்றி 'கிதாபுல் குஸ்ஸாஸ் வல் முதக்கிரீன்' என்னும் தனி நூல் எழுதியவரும் அவரே. தம் காலத்தின் ஈடிணையற்ற உபதேசியும் அவரே. முன்னோரில் சிலர் கதை கூறலை வெறுத்தமைக்கான காரணங்களை அவர் மறைக்கவில்லை. முன்னைய சமூகங்களைப் பற்றிய செய்திகளுள் உறுதியானவை குறைவு. அல்குர்ஆனிலும் ஸுன்னாவிலும் உள்ளவை இருக்க, ஐயத்திற்குரியவற்றில் ஈடுபடுவது பயனுள்ளவற்றைக் கற்பதிலிருந்து மக்களைத் திருப்பும். இத்தொழிலில் ஈடுபடுவோரில் பலர் உண்மையைத் தேடுவதில்லை என அவர் எடுத்துக்காட்டுகின்றார். ஆயினும் பணியையே கைவிட வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வரவில்லை. தமது 'தல்பீஸ் இப்லீஸ்' நூலில் அவர் கூறும் விளக்கம் சிந்தனைக்குரியது. முற்காலத்தில் உபதேசம் செய்தோர் ஆலிம்களாகவும் புகஹாக்களாகவும் இருந்தனர். பின்னர் அறிவிலிகள் அதனைக் கைப்பற்றியதும் விவேகிகள் அம்மன்றங்களை விட்டு விலகினர். பொதுமக்களோ அங்கேயே எஞ்சினர். அறிஞரின் விலகலும் இச்சீரழிவின் ஒரு பகுதியாகும் என்பது இதிலிருந்து பெறப்படுகின்றது.

ஹிஜ்ரி 580ல் (கி.பி. 1184) பக்தாத் வந்த அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர், இப்னுல் ஜவ்ஸியின் மன்றங்களில் கலந்துகொண்டு தம் பயண நூலில் அவற்றை விரிவாக வருணித்துள்ளார். காரிகள் ஓதிய வசனங்களையே எடுத்து அவர் தம் உரையைக் கோத்தார். எழுத்து மூலமாக வந்து குவிந்த வினாக்களுக்கு உடனுக்குடன் விடையளித்தார். மக்கள் கதறி அழுது தவ்பா செய்தனர். கடல்களைக் கடந்து வந்த களைப்புக்கு இம்மன்றங்களில் ஒன்றைக் கண்டதே தகுந்த பரிசு என அப்பயணி கருதினார். ஹதீஸ்களை மிகக் கண்டிப்பாகச் சலித்த ஒருவரின் மன்றமே மக்களால் நிரம்பி வழிந்தது. உண்மைக்குக் கட்டுப்பட்டால் கதை சுவையிழக்கும் என்னும் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு இல்லை.

இமாம் அஹ்மத் அவர்களிடமிருந்து அறிவிக்கப்படும் இரு கூற்றுகளை இவ்விடத்தில் இணைத்து நோக்கலாம். மனிதரில் பெரும் பொய்யர்கள் யாசகரும் கதை கூறுவோருமே என்பது ஒன்று. உண்மையுரைக்கும் ஒரு காஸ் மக்களுக்கு எவ்வளவு தேவைப்படுகின்றார் என்பது மற்றொன்று. இவை முரண்பட்டவை அல்ல. முதலாவது நோயைக் கூறுகின்றது. இரண்டாவது மருந்தைக் கூறுகின்றது.

தமிழகத்துக்கு வந்த கிஸ்ஸா

'கஸஸ்' என்னும் அதே வேரிலிருந்து பிறந்த 'கிஸ்ஸா' என்ற சொல் கடல் கடந்து தமிழுக்கும் வந்தது. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்பன தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் வழங்கிய புதிய வகைகளாகும். முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' கி.பி. 1572ல் மதுரையில் அரங்கேறியது. யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபி (ஸல்) அவர்களிடம் வினாக்களைத் தொடுத்து, விடைகளால் நிறைவுற்று, இஸ்லாத்தை ஏற்பதே அதன் பொருள். இவ்வரலாற்றின் அறபு வடிவம் கி.பி. 1143ல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. மலாயிலும் ஜாவா மொழியிலும் பல வடிவங்களைப் பெற்றது. தமிழ், மலாய், ஜாவா ஆகிய மொழிகளில் இந்நூல் பெற்ற வாழ்வை ரோனித் ரிச்சி 2011ல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாக ஆராய்ந்துள்ளது. ஒருவரையொருவர் கண்டறியாத சமூகங்கள் ஒரே வினாவிடைக் கதையைத் தத்தம் மொழியில் கேட்டு வளர்ந்தன என்பது அவ்வாய்வினால் தெளிவாகின்றது.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் கதை கூறுவோனும் கற்றறிந்தோனும் கைகோத்தனர். நாட்டுப்படலம், நகரப்படலம் எனத் தமிழ்க் காப்பிய மரபில் அமைந்து, அறபு நாட்டைத் தமிழ்ச் செவிக்குப் பழகிய வளங்களோடு அது பாடுகின்றது. ஆனால் வரலாற்றுப் பொருளுக்கு அறபு மூலங்களை அறிந்த ஆலிமின் துணை தேவைப்பட்டது. வள்ளல் சீதக்காதியின் வேண்டுகோளும், ஸதகத்துல்லாஹ் அப்பா அவர்கள் வழங்கிய வரலாற்றுக் குறிப்புகளும் இக்காப்பியத்தின் தோற்றத்துக்கு அடிப்படை என்பது மரபு. அப்பா அவர்கள் முதலில் புலவருக்கு உரை வழங்கத் தயங்கினார்கள் என்னும் செய்தியும் வழங்கி வருகின்றது. அத்தயக்கத்தின் பின்னணியில், பஸராவிலும் பக்தாதிலும் நிகழ்ந்த நெடிய விவாதத்தின் எதிரொலியை நாம் கேட்கலாம். இறுதியில் பொருளின் பொறுப்பை ஆலிமும், சொல்லின் பொறுப்பைப் புலவரும், செலவின் பொறுப்பை வள்ளலும் ஏற்றனர். சீதக்காதியின் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பைத் தொடர்ந்தார். தலைமுறை தலைமுறையாக அக்காப்பியத்தைப் படிக்கக் கேட்டவர்களுள் எழுத்தறியாதோரும் பிற சமயத்தோரும் இருந்தனர்.

நிறைவாக

மேலே நோக்கிய வரலாற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, கதையை வெறுப்பது இஸ்லாமிய மரபன்று. அதற்கு எல்லை வகுப்பதே மரபு. இரண்டாவதாக, கதை கூறுவோன் இரு தடங்களைப் பின்தொடர வேண்டியவன். நடந்தது எதுவோ அதன் தடம் ஒன்று. கேட்பவன் எங்கே நிற்கின்றானோ அங்கே செல்லும் தடம் மற்றொன்று. முதலாவதை விட்டவர்கள் ருஸாபா மஸ்ஜிதுக் கதையில் வரும் மனிதனைப் போலாயினர். இரண்டாவதை விட்டவர்கள் மெய்யறிவு நிறைந்தும் வெறுமையான மன்றத்தில் அமர்ந்திருந்தனர். மூஸா அல்உஸ்வாரியும் இப்னுல் ஜவ்ஸியும் இரண்டையும் விடவில்லை.

மூன்றாவது முடிவு நம் காலத்தைச் சார்ந்தது. பக்தாத் வீதியில் ஒருவன் கூறிய பொய் அடுத்த தெருவை அடைய ஒரு நாள் ஆகியிருக்கும். இன்று கைபேசியில் வரும் ஆதாரமற்ற ஒரு கதை, நபி (ஸல்) அவர்களின் பெயரைத் தாங்கியவாறு, ஒரு நிமிடத்தில் உலகைச் சுற்றி வருகின்றது. அதனை அனுப்புவோர் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவர்களே; உள்ளத்தை உருக்கிய ஒன்றை உறவினரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றனர். அவர்களைப் பரிகசித்துப் பயனில்லை. தடை விதித்தும் பயனில்லை என்பதை ஹிஜ்ரி 279ம் 284ம் காட்டிவிட்டன. மிம்பரில் ஏறும் கதீபும், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும், தொழிலாளரை வழிநடத்தும் முதலாளியும், பிள்ளையை உறங்கவைக்கும் தாயும் உண்மையான வரலாறுகளைக் கற்று, கேட்போரின் மொழியில், சலிப்பூட்டாத அளவில் கூறத் தொடங்கினால் பொய்க் கதைக்கான இடம் தானாகவே சுருங்கும். அறிஞர்கள் விலகிச் சென்ற மன்றம் ஒருபோதும் வெறுமையாக இருப்பதில்லை. அதில் வேறொருவன் வந்து அமர்ந்துவிடுகின்றான்.